வேலிக்குள் நின்ற விருந்தாளிகள்

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் மாடியில், ஜன்னலோரக் கதிரை கஜனியுடையது. பதவியின் பெயர் முகாமைத்துவ உதவியாளர். அந்தப் பெயரைச் சொல்லி அவளைத் தேடி வந்தவர்கள் மிகக் குறைவு. "எக்செல் அக்கா எங்க?" என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

கைபேசி இலக்கத்தின் முன்னால் நின்ற பூச்சியத்தைக் கொம்பியூட்டர் விழுங்கிவிட்டதா? கஜனியிடம் போ. அடையாள அட்டை இலக்கம் சுருங்கி, ஒரு புள்ளியும் நடுவில் ஓர் ஆங்கில எழுத்துமாக முழிக்கிறதா? கஜனியிடம் போ. எண்கள் இருக்க வேண்டிய கட்டங்களில் எண்ணைக் காணோம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்தான் வரிசையாக நிற்கின்றனவா? அதற்குக் கஜனி வைத்திருந்த பெயர் 'வேலி'. கட்டம் ஒடுங்கிப்போய், உள்ளே இருப்பதைக் காட்ட இடம் போதாமல் போனால் கொம்பியூட்டர் வேலி அடைத்துக்கொள்ளும். எண் உள்ளேதான் இருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது.

"வேலிக் கதியாலைக் கொஞ்சம் தள்ளி நட்டாச் சரி," என்று சொல்லிக்கொண்டே இரண்டு நிரல்களுக்கும் நடுவிலுள்ள கோட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். வேலி மறைந்து எண் வெளியே வரும். ஊரில் வேலியைத் தள்ளி நட்டால் பக்கத்து வீட்டுக்காரன் வழக்குப் போடுவான். கஜனி தள்ளி நட்டால் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். மீசாலையில் பிறந்த ஒருத்திக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை வேறென்ன வேண்டும்!

கெட்டிக்காரி என்றால் ஒரு குறை இருக்கத்தானே வேண்டும். கஜனிக்கு ஒழுங்கு ஒரு பைத்தியம். கோணலாக நிற்கும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். கைபட்ட இடமெல்லாம் அடுக்கிவிடுவாள். "நான் ஒருநாள் அசையாமல் இருந்தால் என்னையும் உயர வரிசையிலை அடுக்கிப்போடுவாள்," என்று அவள் கணவன் மயூரதன் கூட்டாளிகளிடம் சொல்வதுண்டு. அவளுக்கு அது காதில் விழும். அதற்கும் சிரிப்பாளே தவிர அடுக்குவதை நிறுத்த மாட்டாள்.

அவர்கள் குடியிருந்தது கெலிஓயாவில், ஆஸியா உம்மாவின் மேல் வீட்டில். மகள் தர்சிகா தவழும் பருவத்தில் வாடகைக்கு வந்தவர்கள். ஓர் ஆண்டுதான் என்று வந்தார்கள், பிறகு போக மனம் வரவில்லை. நோன்பு மாதத்தில் கீழிருந்து கஞ்சி ஏறும், தைப்பொங்கலுக்கு மேலிருந்து பொங்கல் இறங்கும். தர்சிகாவின் வாயில் வீடு, கீழ் வீட்டார் சொல்வதுபோல 'ஊடு' ஆகி நாளாகிவிட்டது. மீசாலையில் இருக்கும் சொந்தக்காரர் அதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். கஜனிக்கு அதிலும் ஒரு பெருமை.

அந்த வீட்டில் கலியாணம் வந்தது. ஆஸியா உம்மாவின் இளைய மகள் ஷஹ்மாவுக்குக் கலியாணம்.

கலியாணம் என்றால் உம்மாவுக்கு மகிழ்ச்சி பாதி, பயம் பாதி. பயத்துக்குக் காரணம் மூத்த மகளின் கலியாணம். சாப்பாடு சஹனில். சஹன் என்றால் ஒரு பெரிய தட்டு. நடுவில் சோறும் இறைச்சியும் குவித்து, சுற்றி ஆறு பேர் இருந்து கை போட்டு உண்பார்கள். ஆண்களுக்குக் கலியாண மண்டபத்தின் கீழ்த்தளம், பெண்களுக்கு மேல்தளம். அன்று கீழே சஹன் மிஞ்சியது. மேலே போதவில்லை. மேலே போதவில்லை என்ற செய்தி கீழே வந்து சேர்வதற்குள், மிஞ்சிய சஹன்களில் ஆண்கள் இரண்டாம் தடவையும் கை போட்டுவிட்டார்கள். மூத்த மகளின் கலியாணத்தன்று ஆஸியா உம்மா சோறு கிடைக்காமல், ஒரு கரண்டி வட்டிலாப்ப இனிப்போடு வீடு திரும்பினார். அதுகூடப் பரவாயில்லை. உம்மாவின் மதினி அன்றைக்குச் சொன்ன வார்த்தை ஊரெல்லாம் சுற்றியது.

"ஆஸியாட கலியாணத்துக்குப் போறண்டா ஊட்டுல திண்டுட்டுத்தான் போகணும்."

சொல்லிய மதினி மறந்துவிட்டார். உம்மா மறக்கவில்லை.

"எனக்கு வேற ஒண்டும் வாணாம் மகள்," என்று கஜனியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இந்தக் கலியாணத்துல பொம்புளைகள் பக்கம் ஒரு சஹனும் கொறயக் கூடா. அது கொறஞ்சா நான் இனி எந்தக் கலியாணத்துக்கும் மொகத்தக் காட்டமாட்டன்."

"என்னட்டத் தாங்கோ உம்மா. நான் பாக்கிறன்," என்றாள் கஜனி.

விருந்தாளிகளின் அட்டவணை ஒரு பென் டிரைவில் இருந்தது. மகன் பஹீம் அச்சகத்தில் வேலை செய்பவன். வீட்டில் இருக்கும்போது தன் லெப்டொப்பில் போட்டு எழுதுவான். ஷஹ்மா அதையே எடுத்துக்கொண்டு போய்த் தன் அலுவலகக் கொம்பியூட்டரில் தொடர்வாள். உம்மாவுக்கு யாருடைய பெயர் நினைவுக்கு வருகிறதோ, யார் தொலைபேசியில் வருகிறோம் என்று சொல்கிறார்களோ, அப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எழுதுவார்கள். கடுதாசியில் எதுவும் இல்லை. குடும்பத் தலைவரின் பெயர், ஏறி வரும் வாடகை பஸ்ஸின் இலக்கம், பிறகு ஆட்களின் எண்ணிக்கை. எண்ணிக்கையை எழுத ஊரில் ஒரு வழக்கம் உண்டு. 3-4 என்றால் மூன்று ஆண், நான்கு பெண். முதலில் ஆண், பிறகு பெண். இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் மதிய இடைவேளையில், அலுவலகத்தில் சோற்றுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு கஜனி அந்த அட்டவணையைத் திறந்தாள். திறந்ததும் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அவ்வளவு அலங்கோலம்! ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும் என்று பஹீம் எண்ணிக்கை நிரலை நெரித்து வைத்திருந்தான். மேலிருந்து கீழ் வரை ஒரே வேலி.

வேலியை அவள் தொடவில்லை. மீன் துண்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும் பிள்ளையைப் போல அதை ஒதுக்கி வைத்தாள். உம்மாவின் கண்முன்னால் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை. மற்றதையெல்லாம் அடுக்கினாள். தலைப்புக்கு நிறம் போட்டாள். எல்லா எழுத்தையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றினாள். உடனே பாதிப் பெயர்கள் குலைந்து, வத்தேகம முஹைதீன் "Ki`jPd;" என்று நின்றார். பஹீம் அச்சகத்துப் பழக்கத்தில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறான், ஷஹ்மா மற்றவர்களைப் போல யுனிகோடில் அடித்திருக்கிறாள் என்று விளங்கியது. தலையில் ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு, மாற்றியதைப் பழையபடி திருப்பிவிட்டாள். கடைசியாக, ஒரு பஸ்ஸில் வருபவர்கள் ஒன்றாக இருக்கட்டும் என்று பஸ் இலக்கப்படி முழு அட்டவணையையும் அடுக்கினாள். சேமித்தாள்.

மூடுவதற்கு முன் கண்கள் தாமாகவே ஒரு பெயரைத் தேடின. மூலைக் கடைக்காரர் வீடு இருந்தது. முடிவெட்டுபவர் வீடு இருந்தது. தண்ணீர்க் கட்டணச் சிட்டை கொண்டுவருகிறவரின் வீடுகூட இருந்தது. மேல் வீடு இல்லை. மயூரதன் என்றும் இல்லை, கஜனி என்றும் இல்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. மறந்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். இத்தனை பேரை நினைத்தவர்கள் தலைக்கு மேலே நடந்து திரிகிறவர்களை எப்படி மறப்பார்கள் என்று மனம் திருப்பிக் கேட்டது. சோற்றுப் பொதியைப் பாதியில் மடித்துவிட்டாள்.

பின்னேரம் கீழ் வீட்டு முன்கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஷஹ்மாவின் இரண்டு கையிலும் மருதாணி. அதனால் அவள் தேநீரைக்கூடப் பிறர் கையால்தான் குடித்தாள். சமையல்கார அரூஸ் நானா பின்னேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு வருவார், மேலே எத்தனை சஹன் கீழே எத்தனை சஹன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். கஜனி பஹீமின் லெப்டொப்பை மேசையில் வைத்து, பென் டிரைவைச் செருகி அட்டவணையைத் திறந்தாள்.

"பஹீம், நீங்கள் அடிக்கேக்க இந்த வேலியைக் காணேல்லையோ?"

"கண்டன் அக்கா. மூடி வச்சீக்கிது, உள்ளுக்கு ஈக்கும்தானேண்டு உட்டுட்டன்."

"உள்ளுக்கு இருக்குத்தான். இப்ப பாருங்கோ உம்மா," என்று கஜனி கோட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வேலி விலகியது. உள்ளே மனிதர்களைக் காணோம். பெப்ரவரி 7. ஜனவரி 6. மார்ச் 4. மேலிருந்து கீழ் வரை தேதிகள். யாரோ கலண்டரைக் கிழித்துக் கொட்டியதுபோல இருந்தது.

"இது என்னத்த மகள்?" என்றார் உம்மா.

கஜனிக்குக் காரணம் உடனே தெரிந்தது. நடுவில் கோடு போட்டு இரண்டு எண்களை எழுதினால் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். அலுவலகத்தில் இதை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறாள். "பதறாதேங்கோ. நாளும் மாதமும்தானே? நாள் ஆம்பிளையள், மாதம் பொம்பிளையள். பிரிச்சுத் தாறன்," என்று சொல்லி முதல் பெயரை வாசித்தாள். "வத்தேகம முஹைதீன். ஏழு ஆண், ரெண்டு பெண்."

"முஹைதீன் மாமாட ஊட்டுல ஏழு ஆம்புளைகளா?" உம்மா கன்னத்தில் கை வைத்தார். "அந்த மனிசன் ஆறு பொம்புளப் புள்ளைகளயும் பொஞ்சாதியயும் வச்சிக்கிட்டு, ஆம்புளத் தொணைக்கி ஒரு மருமகன் வந்தாரேண்டு இப்பத்தான் மூச்சு உடுறாரு!"

அப்படியென்றால் மறுபக்கம். மாதம்தான் ஆண், நாள் பெண். கஜனி அடுத்த பெயரை வாசித்தாள். "ஷாமில் வீடு. ஒரு ஆண், ஆறு பெண்."

ஷஹ்மா மருதாணிக் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். "அக்கா, அங்க ஈக்கிறது முழுக்க ஆம்புளைகள். ஷாமில்ட உம்மா மட்டும்தான் பொம்புள. அத நான்தானே அடிச்சன்."

கஜனி உடனே பஹீமின் லெப்டொப்பைத் திருப்பி அதன் தேதி அமைப்பைப் பார்த்தாள். வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றாத அமெரிக்க வழக்கம். மாதம் முதலில், நாள் பிறகு. ஷஹ்மாவின் அலுவலகக் கொம்பியூட்டரோ நம் வழக்கம். நாள் முதலில். ஆக, அண்ணன் பஹீம் அடித்த வரிசைகளில் மாதம்தான் ஆண்கள். தங்கை அடித்தவற்றில் நாள்தான் ஆண்கள். யார் எந்த வரிசையை அடித்தார் என்று தெரிந்தால் போதும். அடித்த ஒழுங்கிலேயே கிடந்திருந்தால், எங்கிருந்து எதுவரை யார் அடித்தார் என்று இரண்டு பேரும் நினைவுபடுத்திச் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஒழுங்கைக் குலைத்து, பஸ் இலக்கப்படி அழகாக அடுக்கி, சேமித்து வைத்தது கஜனி.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான் என்று நினைத்தாள். மொத்தத் தலைகளில் பிழை இல்லை. ஆனால் உம்மாவுக்குத் தேவை மொத்தம் அல்ல, மேலே எத்தனை என்பது. போன தடவையும் மொத்தம் சரியாகத்தானே இருந்திருக்கும்?

"நான் சொல்றன், நீங்க எழுதுங்க," என்று உம்மா உட்கார்ந்தார். கஜனி பெயர் வாசித்தாள். உம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரலாறு சொன்னார். யாருடைய மருமகள் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறாள், யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுக் கதவு எந்தப் பக்கம். ஆனால் வருகிறோம் என்று சொன்னவர்கள் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று கேட்டால், "அது பஹீமுக்குத்தானே சொன்னன்," என்றார். பஹீம் ஷஹ்மாவைப் பார்த்தான். ஷஹ்மா கையைப் பார்த்தாள். முதல் பஸ்ஸின் பெயர்களே முடியவில்லை. வாசலில் அரூஸ் நானாவின் சலாம் கேட்டது.

"எத்தன சஹன் தாத்தா?" என்றார் அரூஸ் நானா. அக்காவைத் தாத்தா என்பது அவர்கள் வழக்கம். "மேலுக்கு எத்தன, கீழுக்கு எத்தன?"

உம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அவர் அரூஸ் நானாவைப் பார்க்கவில்லை, கஜனியைப் பார்த்தார். கஜனிக்கு அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. சீனியைக் கொட்டிவிட்டால் மேசையைத் துடைக்கிற பழக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாக எழுத்துருப் பட்டியலுக்குப் போனது. எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவாக்கினாள்.

பாதிப் பெயர்கள் குலைந்தன. மறுபடியும் "Ki`jPd;". மறுபாதி அசையாமல் தமிழாகவே நின்றது.

கஜனி திரையையே பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள். மேல் வீட்டிலிருந்த மயூரதன் என்னவோ ஏதோ என்று படியிறங்கி ஓடி வந்தான்.

"குலைஞ்சதெல்லாம் பஹீம்! குலையாததெல்லாம் ஷஹ்மா!"

முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும். பாமினியில் அடித்த தமிழ் நம் கண்ணுக்குத்தான் தமிழ், கொம்பியூட்டருக்கு அது ஆங்கில எழுத்து. அட்டவணையைப் பெயர்ப்படி அடுக்கினாள். ஆங்கில எழுத்தெல்லாம் மேலே குவிந்தது, தமிழெல்லாம் கீழே போனது. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அடுக்கிக் கெடுத்ததை அடுக்கியே திருத்தினாள். மேல் குவியலில் மாதத்தை ஆண்களுக்கும் நாளைப் பெண்களுக்கும் கொடுத்தாள். கீழ்க் குவியலில் மறுபக்கமாகக் கொடுத்தாள். எல்லாவற்றையும் வெறும் எண்ணாக்கினாள்.

"முஹைதீன் மாமா?" என்று உம்மா பரீட்சை வைத்தார்.

"ரெண்டு ஆண், ஏழு பெண்."

"ஷாமில்ட ஊடு?"

"ஆறு ஆண், ஒரு பெண்."

"மாஷா அல்லாஹ்!" என்று உம்மா கஜனியின் தலையை இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். அரூஸ் நானா ஒன்றும் விளங்காமலே சிரித்தார். பஹீம், நல்லவேளை தான் பழைய எழுத்துருவை விடவில்லை என்று மார்தட்டினான். ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை.

கஜனி மேலுக்கும் கீழுக்கும் கூட்டி ஆறால் வகுத்தாள். எண்ணைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். மதியம் குத்திய முள் இன்னும் உள்ளேதான் இருந்தது. தன்னைப் பற்றிக் கேட்க நாக்கு எழவில்லை. அதனால் வேறொரு பெயரைத் தேடிப் பார்த்தாள். அதுவும் இல்லை.

"உம்மா, இதிலை உங்கட பேர் இல்லையே?"

"என்ட பேரா?" உம்மா சிரித்தார். "நல்ல கத! ஊட்டாக்களயும் யாராவது எண்ணுவாங்களா?"

"உங்கட தங்கச்சிமார்? மூத்த மகள்? சமையலுக்கு, பரிமாற நிக்கிற பொம்பிளையள்?"

"அவங்க எல்லாம் ஊட்டாக்கள்தானே மகள்."

"போன கலியாணத்திலும் எண்ணேல்லையோ?"

உம்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது. மேலே பெண்கள் பக்கத்தில் எத்தனை சஹன் குறைந்தது, ஏன் குறைந்தது என்று இத்தனை காலமாகச் சமையல்காரனையும் மதினியையும் விதியையும் நொந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சமையல்காரன் மேலுக்கும் கீழுக்கும் கைகாவலாகச் சில சஹன் கூட வைத்திருப்பான்; வீட்டார் ஆண்கள் குறைவு, அதனால் கீழே அது மிஞ்சியது. வீட்டார் பெண்கள் ஒரு பட்டாளம்.

"அடி அல்லாஹ்!" என்றார் உம்மா. "எங்கள நாங்களே எண்ணல்லியா!"

கஜனி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய வரிசை திறந்து, 'வீட்டார்' என்று அடித்தாள். "சொல்லுங்கோ உம்மா, ஒவ்வொராளா."

உம்மா விரல் மடித்தார். "நான். என்ட ரெண்டு தங்கச்சிமார். மூத்தவ, அவட மகள்மார்." பெயர்கள் நீண்டன. "பிறகு நீங்க. தர்சிகா. ஆம்புளைகள்ள பஹீம், மூத்த மருமகன், எங்கட மயூரதன்..."

கஜனியின் விரல் விசைப்பலகையில் நின்றுவிட்டது.

"என்ன மகள், எழுதுங்க," என்றார் உம்மா. "உங்களப் போட்டீங்களா?"

"போடுறன் உம்மா," என்றாள் கஜனி. திரை மங்கலாகத் தெரிந்தது, அதற்குக் கொம்பியூட்டர் காரணமில்லை. விருந்தாளிகள் பட்டியலில் தன்னைக் காணோம் என்று மதியம் முழுக்க மனம் வாடியவளுக்கு இப்போது வெட்கமும் ஆனந்தமும் ஒன்றாக வந்தன. எண்ணாமல் விடும் அளவுக்குச் சொந்தமாகிப் போயிருக்கிறாள், அது தெரியாமல் சோற்றுப் பொதியை மடித்துவிட்டாளே! ஆண்களுக்கு ஒரு கட்டம், பெண்களுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக எண்ணை அடித்தாள்.

மறுநாள் மண்டபத்தின் மேல்தளத்தில் சஹன்கள் வரிசையாக விரிந்தன. பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வத்தேகமயிலிருந்து முஹைதீன் மாமாவின் ஆறு பெண்களும் தாயோடு ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். சஹன் குறையவில்லை. கடைசியில், பரிமாறி முடித்த கைகளைக் கழுவிக்கொண்டு வீட்டாரும் இருந்தார்கள். ஆஸியா உம்மா, அவருடைய இரண்டு தங்கைமார், மூத்த மகள், தர்சிகா, கஜனி. ஆறு பேர், ஒரு சஹன். தர்சிகா இறைச்சித் துண்டைத் தன் பக்கம் இழுத்தாள். உம்மா இன்னொரு துண்டை எடுத்துக் கஜனியின் பக்கத்தில் வைத்தார். அந்தத் தட்டில் யாருக்கும் எல்லை இல்லை. கஜனி அதை அடுக்கிப் பார்க்க நினைக்கவில்லை.

மதினி அந்தப் பக்கமாக வந்தார். உம்மா தன் வீட்டுக் கலியாணத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

"என்ன ஆஸியா, நீயும் திங்கிறியா?"

உம்மா வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஓ மதினி. இந்த முற என்ட பேரும் லிஸ்ட்ல ஈக்கு."